அரைச் சுற்றுத் திருப்பிய கதை

எங்கள் கொழிஞ்சிப்பாளையத்தில் ஒரு வேலை கெட வேண்டுமென்றால் அதற்கு நான்கு பேர் சேர்ந்து யோசிக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் வேலை நன்றாக முடிந்துவிடும் ஆபத்து உண்டு. அந்த நால்வரில் நானும் ஒருவன். அதனால் இதில் எதையும் நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை.

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். செங்கோடன் மாமா வயதில் மூத்தவர். எந்தக் கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். திறந்து பார்த்தால் பதில் மாறிவிடுமே என்ற பயம். என் பங்காளி அர்த்தனாரி பத்தாவது வரை படித்தவன். நுணுக்கமான விஷயங்களெல்லாம் அவன் பொறுப்பு. என் மச்சான் பொங்கியண்ணன் சொன்னதைச் செய்வான், நிறுத்தச் சொல்லும் வரை செய்துகொண்டே இருப்பான். நால்வருக்கும் பொதுவாக ஒரு பழைய டிராக்டர்.

அந்த டிராக்டருக்கு ஒரு குணம். ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் நன்றாக ஓடும். காலை எடுத்தால் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துவிடும். பேட்டரியும் வீக் என்பதால், அணைந்தால் நால்வரும் தள்ளித்தான் மறுபடி கிளப்ப வேண்டும்.

அன்றைக்கு வாய்க்காலில் என் முறைத்தண்ணீர். சாயங்காலம் ஆறு மணிக்கு மடையை அடைத்துவிடுவார்கள். அதற்குள் தண்ணீர் கட்டிச் சேற்றுழவு ஓட்டியாக வேண்டும். மடை அடைத்த பிறகு எங்கள் மண்ணில் தண்ணீர் நிற்காது. நாற்று ஏற்கெனவே முற்றிக்கொண்டிருந்தது. அடுத்த முறை வரைக்கும் தாங்காது, மாட்டுக்குத்தான் போட வேண்டும். என் மனைவி தெய்வானை மறுநாள் நடவுக்கு ஆள் சொல்லி வைத்திருந்தாள். “இந்த வருசமாச்சும் நம்ம வயல்ல நெல்லப் பாக்கோணுமுங்க” என்று காலையில் காப்பியோடு சேர்த்துச் சொன்னாள். போன வருஷம் வயலில் என்ன பார்த்தோம் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

காலையில் வண்டியைத் தள்ளிக் கிளப்பி வயலோரம் கொண்டுவந்து நிறுத்தினோம். பொங்கியண்ணன் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி உட்கார்ந்தான். இந்த இருமல் வண்டியை வயலில் இறக்குவது சரியில்லை, முதலில் வைத்தியம், பிறகுதான் உழவு என்றார் மாமா. டவுனில் இருக்கும் மெக்கானிக் சவரிமுத்துவுக்குப் போன் போட்டேன்.

“டீசல் பம்புக்குப் பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். எஞ்சின் ஓடும்போதே அதக் கடிகாரம் சுத்துற மாதிரி அரைச் சுத்து திருப்புங்க. அவசரப்படாம, மெதுவா” என்றார் அவர். யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது, வைத்துவிட்டார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் சொல்ல முடியாது. நான் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

அர்த்தனாரி அதை நெஞ்சோடு அணைத்து எங்களுக்கு நேராகப் பிடித்தான். நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் குனிந்தேன். அப்போதுதான் முதல் சிக்கல் வந்தது.

“இதுல மூணு முள்ளு இருக்குது. எந்த முள்ளாட்டம் திருப்புறது?” என்றேன்.

“சிவப்பு முள்ளு ஆகாது. அது ஓடுற ஓட்டத்தப் பாத்தாலே தெரியுது, பொறுப்பில்லாதது” என்றார் மாமா கண்ணை மூடிக்கொண்டு.

“பெரிய முள்ளு அரை மணி நேரத்துல அரைச் சுத்து முடிச்சிரும்” என்றான் அர்த்தனாரி.

“அது மெதுவா?”

“சின்ன முள்ளு அதவிட மெதுவுங்க மாமா.”

“அப்பச் சின்ன முள்ளுதான். மெக்கானிக்கு பேச்ச மீறக் கூடாது.”

உடனே ஆரம்பித்திருப்போம். ஆனால் சுற்று என்றால் பன்னிரண்டிலிருந்துதான் என்று அர்த்தனாரி சொல்லிவிட்டான். பாதியில் ஏறினால் அது முழு அரைச் சுற்று ஆகாதாம். அப்போது மணி எட்டு. படித்தவன் சொல்கிறான் என்று வண்டி நிழலில் உட்கார்ந்து பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தோம். பொங்கியண்ணன் மட்டும் மேலே மிதித்துக்கொண்டிருந்தான். வாய்க்கால் தண்ணீர் வயலில் ஏறி நிரம்பி, வரப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. எனக்குப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பன்னிரண்டு அடித்ததும் ஆரம்பித்தோம். சின்ன முள் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. அதனால் நானும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே திருப்ப வேண்டியிருந்தது. இப்படியொரு கஷ்டமான வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. ஒருமுறை அர்த்தனாரி தும்மினான். கடிகாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முள்ளும் பின்னால் போனது. நானும் ஸ்க்ரூவைப் பின்னால் திருப்பினேன். அவன் நிமிர்ந்ததும் மறுபடி முன்னால் கொண்டுவந்தேன். மாமா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

தெய்வானை சோறு கொண்டுவந்தாள். தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு எங்களையும் வண்டியையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏனுங்க, வண்டி ஓடுதுங்களா?”

“ஓடுது. மச்சான் மிதிச்சுக்கிட்டே இருக்கிறான்.”

“உழுவும்போதும் மிதிச்சுக்கிட்டேதான இருப்பாரு? அப்ப உழுதர வேண்டியதுதானுங்களே?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பாவம், அவளுக்கு மெஷின் விஷயம் தெரியாது. மாமா அவளுக்கு மூன்று முள்ளையும் பொறுமையாக விளக்கினார். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு பக்கத்துத் தோட்டத்து மாரப்பனைப் பார்க்கப் போனாள். அவருக்குச் சொந்தமாக ஒரு டிராக்டர் உண்டு.

மாரப்பன் வண்டி என் வயலில் இறங்கியபோது முள் மூன்றைத் தாண்டியிருந்தது. தெய்வானை அவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு நாற்றுப் பறிக்கப் போய்விட்டாள். மாரப்பன் நல்ல வேலைக்காரர். நான்கரைக்கெல்லாம் பாதி வயலைக் குழம்பாக்கிவிட்டார். ஆனால் அந்த வண்டி போட்ட சத்தத்தில் எங்கள் வண்டியின் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. இருமுகிறதா, தேறிவிட்டதா என்று தெரியாமல் எப்படி வைத்தியம் பார்ப்பது? எனக்கு எரிச்சலாக வந்தது. ஸ்க்ரூ டிரைவரை மாமாவிடம் கொடுத்துவிட்டு வரப்பில் ஓடினேன்.

“மாரப்பண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க. உங்க சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.”

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். “இது உன்ற வயலுதானப்பா?”

“வயலு எங்களுதுதானுங்க. சத்தம் உங்களுது.”

அவர் உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷர், சொன்னதும் புரிந்துகொள்வார்.

சரியாக ஆறு மணி. முள் கீழே வந்து நின்றது. “காலை எடு” என்றார் மாமா. பொங்கியண்ணனுக்குக் கால் மரத்துப்போயிருந்ததால் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கித்தான் எடுத்தான். வண்டி அணையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதே நேரத்தில் மேலே மடையை அடைத்துவிட்டுப் போனார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை.

சவரிமுத்துவுக்குப் போன் போட்டு எஞ்சின் பக்கம் நீட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “கொஞ்சம் ஜாஸ்தியாக் கத்துது. கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா கால் சுத்து விடுங்க” என்றார்.

எங்களிடம் எதிர்ப்பக்கம் சுற்றுகிற கடிகாரம் இல்லை. டவுனில் கிடைக்குமா என்று பொங்கியண்ணன் கேட்டான். அப்போது அர்த்தனாரி பத்தாவது படித்ததற்கு ஒரு அர்த்தம் உண்டு என்று காட்டினான்.

“கடிகாரத்தக் கண்ணாடி முன்னால காட்டுனா, கண்ணாடிக்குள்ள இருக்கிற முள்ளு எதிர்ப்பக்கமாத்தான போகும்?”

மாமா முதல்முறையாகக் கண்ணைத் திறந்தார்.

எங்கள் வீட்டு பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. தெய்வானை வீட்டுச் சீதனம். நானும், மரத்த காலை இழுத்துக்கொண்டு பொங்கியண்ணனும் ஓடிப்போய் அதன் நான்கு ஸ்க்ரூவையும் ஒரே நிமிஷத்தில் கழற்றிக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த நான்குக்கும் கடிகாரம் வைக்கவில்லை என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. தப்புதான், அவசரத்தில் செய்துவிட்டோம்.

கண்ணாடியை வயலுக்கு நடுவில், மாரப்பன் உழுதுவிட்டுப் போன இடத்தின் எல்லையில் நட்டுவைத்தோம். வண்டியிலிருந்து பார்த்தால் தெரியும் என்று கணக்கு. அப்படியே நிமிர்ந்து பார்த்த பொங்கியண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டான்.

“மாமா, இங்க பாருங்க. இந்தப் பக்கம் உழுதிருக்குது. கண்ணாடிக்குள்ள அந்தப் பக்கமும் உழுதிருக்குது.”

நால்வரும் வரிசையாக நின்று பார்த்தோம். உண்மைதான். வயல் முழுவதும் உழுதிருந்தது. ஒரு கட்டி இல்லை, ஒரு புல் இல்லை.

நாற்றுக் கட்டோடு தெய்வானை வரப்பில் வந்து நின்றாள். பாதி வயலைப் பார்த்தாள். அடைத்துப்போன மடையைப் பார்த்தாள். சேற்றில் நிற்கிற தன் சீதனக் கண்ணாடியைப் பார்த்தாள். நாற்றுக் கட்டு தலையிலிருந்து இறங்கி வரப்பில் விழுந்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. “முழுசும் முடிஞ்சிருச்சு பாரு தெய்வானை” என்று ஆறுதல் சொன்னேன்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் வரிசையாக நாங்கள் நால்வரும் நின்றோம்.

“நாலு பேர வச்சே என்னால மாள முடியல. இப்ப எட்டுப் பேரா?” என்று சொல்லிவிட்டு, மிச்சத்துக்காவது மண்வெட்டி எடுத்துவர வீட்டுக்கு நடந்தாள்.

மாமா முகம் மலர்ந்துவிட்டது. “புள்ள சொல்றது சரிதான். எட்டுப் பேருன்னா மம்பட்டியிலயே கொத்திப்போட்டு, இருட்டறதுக்குள்ள முடிச்சரலாம். நாம காத்தால இருந்து பாடுபட்டுக் களைச்சுப்போய்க் கிடக்கறோம். மொதல்ல அவுங்க எறங்கட்டும்.”

நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் சேற்றோரம் உட்கார்ந்தோம். உடனே அவர்களும் உட்கார்ந்துகொண்டார்கள். நன்றாக இருட்டி அவர்கள் முகம் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டேயிருந்தோம். தெய்வானை மண்வெட்டியோடு வந்து தனியாகக் கொத்த ஆரம்பித்த பிறகும் அந்த நால்வரில் ஒருவன்கூட எழுந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட சோம்பேறிகளை என் ஆயுளில் நான் கண்டதில்லை.