லாவோஷி போட்ட கையெழுத்து

குரு என்றதும் தாடியையும் புலித்தோலையும் தேடாதீர்கள். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ரெஜினா. ஒரகடம் போகிற சாலையில், டயர்க் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடியில் சீன மொழி சொல்லிக்கொடுத்தார். கீழே பஞ்சர் ஒட்டுகிற சத்தம், மேலே சீனம். படிக்க வந்தவர்கள் அவரை ‘லாவோஷி’ என்று கூப்பிட்டார்கள். சீனத்தில் அதற்கு ஆசிரியர் என்று பொருள்.

சீடனுக்கு வயது முப்பத்துநான்கு. ஆமாம், குருவைவிட மூத்தவன்தான். பெயர் குணாளன். பெயர் வைத்த அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை.

பக்கத்துத் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு சீனக் கம்பெனி. அதில் மிஷின் ஓட்டத்தான் குணாளன் சேர்ந்தான். சீனர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு நாலு வார்த்தை பிடித்துக்கொண்டான். பிறகு லாவோஷியிடம் வந்து முறையாகப் படித்தான். மிஷினை விட்டு ஏசி அறைக்குப் போய் மொழிபெயர்ப்பாளன் ஆனான். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளி. ஷிப்ட் முடிந்து வந்து, கண் சொக்கச் சொக்க எழுதிப் பழகியவன்.

அவன் சேர்ந்த புதிதில் ஒருநாள் லாவோஷி அவனை இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்தினார். ஒருவர் தமிழில் பேசவேண்டும், குணாளன் அதைச் சீனத்தில் சொல்லவேண்டும். அந்த ஆள் கோபமாக ஏதோ சொன்னார்.

“இவருக்குக் கோபமா இருக்காம்” என்று குணாளன் சீனத்தில் சொன்னான்.

“எவருக்கு?”

“இவருக்குத்தான்.”

“மொழிபெயர்க்கிறவருக்கு ‘இவர்’ கிடையாது. ‘எனக்குக் கோபமா இருக்கு’ன்னு சொல்லுங்க.”

“எனக்குக் கோபம் இல்லையே, லாவோஷி.”

“வாயை வாடகைக்கு விட்டாச்சு. இனிமே குடியிருக்கிறவங்க பேச்சுதான் அதுல.”

அந்தத் தொழிலின் முறை அதுதான். யாருக்காகப் பேசுகிறோமோ அவராகவே நின்று ‘நான்’ என்று சொல்லவேண்டும். குணாளன் ஒரே வாரத்தில் அதைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவன் தவறியதே இல்லை.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை. சீனாவுக்குப் போய் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்த மொழியைப் பெரிய படிப்பாகப் படிக்கவேண்டும். உதவித்தொகை கிடைத்தால் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கைவசம் இருந்தது அஞ்சல் வழியில் வாங்கிய பி.ஏ. ஏற்கெனவே இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் இல்லை என்று வந்துவிட்டது. டீக்கடையில் நின்றால் “என்னய்யா, இன்னும் பிளேன் ஏறலையா?” என்று கேட்பார்கள். கேட்கிறவனுக்கு அது விளையாட்டு. குணாளன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுவான்.

இந்த வருஷம்தான் கடைசி. முப்பத்தைந்து ஆகிவிட்டால் விண்ணப்பமே போட முடியாது. இரண்டு காகிதம் பாக்கி இருந்தது. ஒன்று கம்பெனியின் அனுபவச் சான்றிதழ், இன்னொன்று ஆசிரியரின் சிபாரிசு.

அந்த நேரம் பார்த்துத்தான் நதியாவின் கை போனது.

நதியா செய்யாறு பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி பிரஸ் மிஷினில் வேலை செய்தாள். கை உள்ளே இருந்தால் மிஷின் இறங்கக்கூடாது, அதற்கு ஒரு சென்சார் உண்டு. சென்சார் இருந்தால் மிஷின் நின்று நின்று ஓடுகிறது, உற்பத்தி குறைகிறது என்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். “பயமா இருக்கு சார்” என்று அவள் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறாள். “பார்த்து அடிம்மா” என்று அவர் போய்விட்டார். வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

விசாரிக்கச் சீனாவில் இருந்து தலைமை அலுவலகத்து அம்மா ஒருவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நதியாவுக்குச் சீனம் தெரியாது. நடுவில் குணாளன்.

விசாரணைக்கு முன்னால் மேலாளர் ஷென் அவனைக் கூப்பிட்டார். “உன் சான்றிதழ் தயாரா இருக்கு. விசாரணை நல்லபடியா முடியட்டும், கையெழுத்து போட்டுத் தர்றேன்” என்றார்.

அவ்வளவுதான். பொய் சொல்லு என்று மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்? குணாளன்தான் ஒன்றுக்கு இரண்டு மொழி தெரிந்தவன் ஆயிற்றே.

நதியா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சென்சாரைச் சொன்னாள், சூப்பர்வைசரைச் சொன்னாள், பயந்ததைச் சொன்னாள். “நல்லா எடுத்துச் சொல்லுங்கண்ணா” என்று குணாளனைக் கும்பிட்டாள். ஒற்றைக் கையால்தான் கும்பிட முடிந்தது.

குணாளன் அந்த அம்மாவைப் பார்த்துச் சுத்தமான சீனத்தில் சொன்னான். “எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. சென்சாரை அணைத்ததும் நான்தான்.”

‘நான்’ என்றே சொன்னான். பாடத்தில் ஒரு பிசகு இல்லை.

அந்த அம்மா சற்று நேரம் நதியாவையே பார்த்தார். “இது உண்மைதானா?” என்று கேட்டார்.

குணாளன் தமிழில் கேட்டான். “நீ சொன்னதெல்லாம் உண்மைதானான்னு கேக்கறாங்க.”

“சத்தியமா!” என்றாள் நதியா. தலையில் கை வைத்துச் சொன்னாள்.

அந்த அம்மா எழுதிக்கொண்டார். நஷ்டஈடு கிடையாது என்று முடிவாயிற்று. கட்டு பிரிப்பதற்கு முன்பே வேலையும் போயிற்று. குணாளனுக்குச் சான்றிதழ் அன்று மாலையே வந்துவிட்டது. மறுநாள் காலையில் எழுந்து சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

விண்ணப்பத்துக்குக் கடைசி தேதி நெருங்கியதும் சிபாரிசுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். ஏறியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். முன் பெஞ்சில் நதியா உட்கார்ந்திருந்தாள். இடது கையால் கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருந்தாள். ‘நான் தூங்கவில்லை’ என்கிற ஒரே வாக்கியத்தைச் சீனத்தில் லாவோஷி எழுதிக் கொடுத்திருந்தார். அதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா! வாங்கண்ணா!” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்க அவ்ளோ எடுத்துச் சொல்லியும் அந்தம்மா மாத்தி எழுதிக்கினு போயிடுச்சாம்ணா. நானே தூங்கிட்டேன்னு ஒத்துக்கினேனாம், எச்.ஆர்.ல சொல்றாங்க. அதான் நானே கத்துக்கினு அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடலாம்னு வந்துட்டேன். இந்த கிளாஸைப் பத்தி நீங்கதான ஒருவாட்டி கேன்டீன்ல சொன்னீங்க?”

அப்படியே படி இறங்கிவிடலாமா என்று குணாளன் பார்த்தான். கையில் காகிதம் இருந்ததே!

“லாவோஷி, ஒரு கையெழுத்துதான். நாளன்னைக்குக் கடைசி தேதி. அவசரம்.”

“கையெழுத்து போடணும்னா நீங்க பேசறதை நான் ஒருவாட்டி கேக்க வேணாமா?” என்றார் ரெஜினா. “உக்காருங்க குணாளன் சார். நதியா, அன்னைக்கு அந்தம்மாகிட்ட சொன்னதை அப்படியே சொல்லும்மா. சார் சீனத்துல சொல்வார்.”

நதியா சொன்னாள். குணாளன் சொன்னான். இரண்டு மொழியும் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார், எதையும் ஒளிக்க இடமில்லை.

“சென்சாரை அணைத்து வைத்திருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் பார்த்து அடி என்றார். நான் தூங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். என் விரல் இரண்டும் போய்விட்டன.”

சேர்ந்த புதிதில் லாவோஷி நாலு இடத்தில் நிறுத்தித் திருத்துவார். இன்றைக்கு ஒரு இடத்திலும் திருத்தவில்லை.

“எவ்ளோ நல்லா பேசறீங்கண்ணா!” என்றாள் நதியா. “அன்னைக்குத்தான் சீக்கிரமா முடிச்சிட்டீங்க. ரெண்டே வார்த்தை மாதிரி இருந்துச்சி. அதான் அந்தம்மாவுக்குப் புரியல போல.”

“ம்” என்றான் குணாளன்.

அவளுக்குச் செய்யாறு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, “வரேண்ணா, பிளேன் ஏறுறப்ப சொல்லுங்க” என்று படி இறங்கினாள்.

“அந்த அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?” என்று ரெஜினா கேட்டார்.

குணாளன் தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான். “எனக்குத் தூக்கம் வந்துவிட்டதுன்னு.”

“சென்சார்?”

“நான்தான் அணைச்சேன்னு.”

ரெஜினா நதியா உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவனைக் கிளப்பிவிட்டது.

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க லாவோஷி? எனக்கு இதான் கடைசி வருஷம். நான் உள்ளதைச் சொல்லியிருந்தாலும் கம்பெனி அவளுக்கு எதையும் தூக்கிக் குடுத்திருக்காது. அவளுக்கும் இல்லாம எனக்கும் இல்லாமப் போயிருக்கும். எத்தனை வருஷம் இதுக்காக நாயா அலைஞ்சிருக்கேன், உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். அந்த அம்மாவோட நம்பர் இருக்கா?”

“இருக்கு.”

“இப்பக் கூப்பிடலாமே.”

குணாளன் போனை எடுத்தான். பெயரைக்கூடத் தேடிப் பிடித்தான். கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். ஷென் சும்மா இருக்கமாட்டார். சான்றிதழ் செல்லாது என்று ஒரே ஒரு மெயில் போதும், மூன்றாவது முறையும் போயிற்று. அதற்கு மேல் முறையே கிடையாது. நதியாவின் கை அவன் கண் முன்னால் வந்தது. கூடவே டீக்கடைச் சிரிப்பும் வந்தது.

“நீங்களே கூப்பிடுங்களேன், லாவோஷி. என் பேர் வராம.”

“நான் யாரோ ஒருத்தி. அவங்க காதுல விழுந்தது உங்க வாயில இருந்து வந்ததுதான்.”

கீழே டயர்க் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்தார்கள். அது நிற்கிறவரை குணாளன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கடைசி தேதி முடியட்டும், லாவோஷி” என்றான். “ரிசல்ட் வந்துரட்டும். அப்புறம் சத்தியமா நானே கூப்பிட்டுச் சொல்லிடறேன்.”

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ரெஜினா கையை நீட்டினார். அவன் என்னவென்று புரியாமல் பார்த்தான். “காகிதத்தைக் குடுங்க” என்றார்.

நிதானமாக எழுதினார். மாணவரின் மொழித் திறன் மிகவும் சிறப்பானது, அவர் பேச்சில் பிழை காண்பது அரிது, இவருக்குக் கட்டாயம் இடம் தரவேண்டும் என்று சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார். எதுவும் பொய்யில்லை. கையெழுத்தைப் போட்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினார். மை காய ஊதிவிட்டுக் கொடுத்தார்.

குணாளன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அப்பாடா என்று இருந்தது. அழுகையும் வந்தது. இந்தச் சிபாரிசு இருந்தால் இந்த முறை நிச்சயம் கிடைத்துவிடும் என்று அவனுக்கே தெரிந்தது. கதவு வரைக்கும் போனான். அங்கே நின்று திரும்பினான்.

“நீங்க போடமாட்டீங்கன்னு நினைச்சேன், லாவோஷி.”

அவர் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் தெரிஞ்சும் ஏன் போட்டீங்க?”

“சீனாவுல எல்லாருக்கும் சீனம் தெரியும், சார்” என்றார் ரெஜினா. “அங்க யாரும் உங்க வாயை நம்பி இருக்கமாட்டாங்க.”