பள்ளத்துக் கிணறு

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் முகாம் ஒன்றில் துளசிங்கம் என்ற நிலவியல் ஆசிரியர் இருந்தார். அவரிடம் தொழில் கற்ற நவநீதனும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு கிணறு துளைத்தார்கள். இடம் குறித்துக் கொடுத்தவர் ஆசிரியர்: ஜெசிந்தாவுக்கு மேட்டில், நவநீதனுக்குப் பள்ளத்தில்.

ஜெசிந்தாவின் கிணற்றில் எண்ணெய் பொங்கியது. நவநீதனுக்குக் கிடைத்தது கறுத்த களிப்பாறை.

முகாமே லட்டு தின்றது. நவநீதன் தன் பங்கை நாய்க்குப் போட்டான். ஜெசிந்தா சிரித்தால் அவனுக்கு வயிறு எரிந்தது. 'ஏதோ அதிர்ஷ்டம்' என்று அவள் அடக்கமாகச் சொன்னால் இன்னும் எரிந்தது.

மறுநாள் அவள் வந்தாள்.

"அண்ணே, உங்க கிணத்துப் பாறையைப் பாக்கணும். அடுத்த கிணறு எங்க போடறதுன்னு அதை வெச்சுத்தான் சொல்ல முடியும்."

"எடுக்கும்போதே நொறுங்கிடுச்சும்மா."

கிணற்றைத் துளைக்கும்போது எடுத்த பாறை உருளைகள் கொட்டகையில் முழுசாகத்தான் இருந்தன. அவள் முகம் வாடியதைப் பார்க்க அவனுக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகம் மத்தியானம்வரை கூட நிற்கவில்லை. நேரே ஆசிரியரிடம் போனான்.

"அவளை மேட்டுல நிறுத்தினீங்க. என்னை ஏன் சார் பள்ளத்துல தள்ளினீங்க?"

துளசிங்கம் எழுந்து கொட்டகைக்கு நடந்தார். நவநீதன் பின்னால் போனான். ஆசிரியர் ஒரு உருளையில் சில்லு பெயர்த்து, தகரத்தில் வைத்து, ஸ்டவ்வைப் பற்றவைத்தார். புகை எழுந்தது.

"என்ன வாசனை?"

"எண்ணெய்."

"இந்த நிலத்தை ஒரு காலத்துல ரெண்டு பக்கமும் இழுத்துச்சு. தாங்காம பிளந்துச்சு. ஒரு துண்டு இறங்குச்சு, பக்கத்துத் துண்டு அப்படியே நின்னுச்சு. இறங்கின இடத்துல தண்ணி தேங்கி, பாசியும் சேறும் படிஞ்சுது. மேல மண்ணு பாரம், கீழ சூடு. வெந்து எண்ணெயாச்சு."

"அப்புறம்?"

"பிளவு வழியா மேட்டுக்கு ஏறிச்சு. அங்க தலைக்கு மேல களிமண் மூடியிருந்துச்சு. தங்கிடுச்சு."

நவநீதனின் முகம் சிவந்தது. "அப்ப அது என் பள்ளத்து எண்ணெய்! பேரு மட்டும் அவளுக்கா?"

ஆசிரியர் தகரத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "பள்ளம் அதை விடாம வெச்சிருந்தா?"

"இன்னும் ஆழம் போகும். இன்னும் சூடேறும். வாயுவாகும்."

"அப்பவும் விடலேன்னா?"

பாடத்தில் படித்ததுதான். தகரத்தில் கருகிக்கொண்டிருந்த சில்லைப் பார்த்தபடி சொன்னான்.

"வெறும் கரி, சார்."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. "சார், உள்ள இருக்கீங்களா?" என்றது ஜெசிந்தாவின் குரல்.

துளசிங்கம் ஸ்டவ்வை அணைத்தார்.

"போ. நீ சொன்னதை அவ எங்கிட்ட சொல்லிட்டா. பாறை நொறுங்கிடுச்சுன்னு இன்னொரு தடவை சொல்லிட்டு வா."

நவநீதன் வாசல்வரை போனான். அவளைப் பார்த்ததும் வயிறு எரியத்தான் செய்தது. கதவை ஒட்டி ஒதுங்கி, உள்ளே இருந்த உருளைகளைப் பார்க்க அவளுக்கு வழிவிட்டான்.