கேமராவுக்குக் கீழே ஒரு பெட்டி

குழந்தைவேலு அன்றைக்குப் படியேறி வந்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கோவைக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகர் வேண்டும் என்று பெற்றோர் கேட்டபோது, புதிதாக ஒருவரைத் தேடுவானேன், இருக்கிறவரையே படிக்க அனுப்பிவிடலாம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். அப்படித்தான் அவர் சனிக்கிழமைதோறும் நஸீமாவிடம் வர ஆரம்பித்தார்.

நஸீமா போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர். முப்பத்து நான்கு வயது. தன்னைவிட இவ்வளவு சின்னவரிடம் கைகட்டிப் பாடம் கேட்பது குழந்தைவேலுவுக்கு முதல் இரண்டு வாரம் கூச்சமாக இருந்தது. மூன்றாவது வாரம் கூச்சம் போய்விட்டது. எதைக் கேட்டாலும் நஸீமா சுற்றி வளைக்க மாட்டார்.

அன்று அவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். உள்ளே பேனா மூடி அளவில், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று இருந்தது. அறை முழுக்க மாம்பழ வாசனை.

"பாத்தீங்களா மேடம்? வேப்பு. புகை விடற எலக்ட்ரானிக் சிகரெட்டு. ஒரு மாசத்துல இது பதினொண்ணாவது. ஒண்ணு ஃப்ளஷ் டேங்குக்குள்ள கெடச்சுது. ஒண்ணு ஜாமெட்ரி பாக்ஸுல. ஒருத்தன் கிரிக்கெட் பேடைப் பிரிச்சு உள்ள வெச்சுத் தெச்சிருக்கானுங்க. அந்தத் தையலை ஒரு பட்டன்ல காட்டச் சொல்லுங்க, தெரியாதும்பான்."

நஸீமா சிரிக்கவில்லை. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க காலத்துல பீடி குடிச்சா அரை மைலுக்கு நாறும். காதைப் புடிச்சுக் கொண்டு வந்துடலாம். இது மாம்பழமாம், ஸ்ட்ராபெர்ரியாம், பபிள்கம்மாம். இத்தனை ருசி யாருக்குங்க மேடம்? அம்பது வயசுக்காரனா பபிள்கம் கேட்டான்? செஞ்சவன் அவன் பெத்த பிள்ளைக்குக் குடுப்பானா இதை?"

"குடுக்க மாட்டான்."

"தடை பண்ணின சாமான். போன்ல தட்டினா கேட் வாசல்ல வந்து நிக்குது. கேக்க நாதியில்ல!"

"உட்காருங்க சார். டீ சொல்லியிருக்கேன்."

டீ வந்தது. குழந்தைவேலு டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கருகின நுரையீரல் படம் காட்டினோம். டாக்டரைக் கூட்டிட்டு வந்தோம். கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வெச்சோம். பையைக் கொட்டிச் சோதிச்சோம். எதுக்கும் அசையல. இதுங்களுக்கு விட்டுடணும்னு எப்பத்தான் தோணும்? எதுதான் தோண வைக்கும்?"

"போன மாசம் ஒரு பெட்டி வெக்கப் போறேன்னு சொன்னீங்களே. வெச்சீங்களா?"

வைத்திருந்தார். மரப்பெட்டி, மேலே ஒரு துவாரம், பக்கத்தில் பூட்டு. காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அவரே அறிவித்தார். விட நினைக்கிறவர்கள் வேப்பைக் கொண்டுவந்து இதில் போட்டுவிட்டுப் போகலாம். பேர் எழுத வேண்டாம். யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இது என் வாக்கு.

"யாராவது போட்டாங்களா?"

"ஒரே ஒரு புள்ள. மிதுலான்னு, பதினொண்ணாவது படிக்குது. என்கிட்ட லாங் ஜம்ப் பழகற புள்ளைங்க. அதுக்கப்புறம் மூணு வாரமா பெட்டி காலி. எரிச்சலா வருதா இல்லீங்களா? சுலபமா ஒரு வழி வெச்சுக் குடுத்தா அதுலயும் வர மாட்டேங்குதுங்க."

"அந்தப் பொண்ணு இப்ப எங்கே?"

"திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு டி.சி. குடுக்கறோமுங்க. அவங்கப்பனை வரச் சொல்லியாச்சு. சாட்சிக் கையெழுத்து நான் போடணும்."

நஸீமா அவரையே பார்த்தார்.

"யார்னு கேக்க மாட்டோம்னு சொன்னீங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"நான் கேக்கலீங்க. தாளாளர் கேமராவுல பாத்துட்டார்."

"பெட்டி கேமராவுக்குக் கீழயா இருக்கு?"

"பின்ன? பெட்டியவே எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது?"

நஸீமா எழுந்து வந்தார். அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேசையில் வைத்தார்.

"என்னங்க மேடம்?"

"அவ ஏன் போட்டான்னு கேட்டீங்களா?"

"இல்லீங்க."

"கேட்டுட்டு வாங்க. அப்புறம் குடிக்கலாம்."

"இப்பவா? டீ ஆறிடுமுங்க."

"ஆறட்டும்."

பள்ளி நான்கு கிலோமீட்டர். குழந்தைவேலு பைக்கை முறுக்கிக்கொண்டு போனார். ஐம்பத்திரண்டு வயசு ஆளை டீயைப் பிடுங்கி அனுப்புகிறதா ஒரு பொம்பளை என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மிதுலா வகுப்பில் இல்லை. மைதானத்தில், லாங் ஜம்ப் குழியின் ஓரம், புங்கமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"இன்னிக்கும் கிளாசுக்குப் போகலையா?"

"இன்னும் உள்ள வராதேங்கறாங்க சார்."

"அப்ப வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"வேன் அஞ்சு மணிக்குத்தானுங்க சார். இப்பவே போனா அப்பா ஏன்னு கேப்பாரு."

"அப்பனுக்கு இன்னும் சொல்லலையா நீ?"

"திங்கட்கிழமை ஸ்கூல்ல கூப்பிடறாங்கன்னு மட்டும் தெரியும். போன வருஷம் கப் வாங்கினப்பவும் இப்படித்தான் கூப்பிட்டாங்க. இந்தத் தடவையும் அதான்னு நெனச்சுட்டாரு. தறிக்கு லீவு சொல்லிட்டாரு. வெள்ளைச் சட்டையை அயர்னுக்குக் குடுத்திருக்காரு."

குழந்தைவேலு வேறு பக்கம் பார்த்தார். வாய்வரை வந்த வசவு வெளியே வரவில்லை.

"அன்னிக்கு ஏன் போட்டே, கண்ணு?"

"விட்டுடலாம்னுதானுங்க."

"அதான், ஏன்? நுரையீரல் படம் பாத்தா?"

மிதுலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "அது பாத்த அன்னிக்கு பயத்துல எச்சா ரெண்டு இழுத்தோம் சார்."

"டாக்டர் வந்து அத்தனை பேசினாரே?"

"அவர் பேசறப்ப கடைசி பெஞ்சுல வேப்பு கை மாறிட்டு இருந்துச்சுங்க."

"பின்ன எது?"

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள்.

"பொள்ளாச்சி மீட்ல மூணாவது ஜம்ப்புக்குப் பேர் கூப்பிட்டாங்கல்ல சார்."

"ஆமா. நீ பாத்ரூம்ல இருந்தே. வயித்து வலி."

"வயித்து வலி இல்லீங்க சார். உள்ள நின்னு இழுத்துட்டு இருந்தேன்."

குழந்தைவேலு பைக் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"வெளிய வர்றேன், நீங்க அந்த அஃபீஷியல்கிட்ட சண்டை போட்டுட்டு இருக்கீங்க. எம்புள்ள பொய் சொல்லாதுன்னு கத்தறீங்க. எல்லாரும் பாக்கறாங்க. அப்புறம் ஓடிப்போய் இஞ்சி சோடா வாங்கிட்டு வந்து குடுத்தீங்க. என்னால அதைக் குடிக்கவே முடியல சார்."

மைதானத்தில் வேறு யாரும் இல்லை. மேல்மாடியில் ஏதோ ஒரு வகுப்பு சூத்திரத்தைக் கோரஸாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே விடணும்னு நெனச்சேன். மூணு நாள் இருந்தேன். முடியல. தலைவலி, கை நடுக்கம். யார்கிட்டப் போய்ச் சொல்றதுங்க? சொன்னா டி.சி.ம்பாங்க. அப்பத்தான் நீங்க மைக்ல சொன்னீங்க. சரி, சார் சொன்னா சொன்னதுதான்னு அவங்ககிட்டச் சொன்னேன்."

"எவங்ககிட்ட?"

"பேர் சொல்ல மாட்டேன் சார்."

"கேக்கல. சொல்லு."

"இன்னும் நாலு பேருங்க. எல்லாரும் ஒண்ணாப் போடறதாத்தான் பேச்சு. அவங்களுக்குப் பயம். நான் மொதல்ல போறேன், நான் போட்டுட்டு ஒண்ணும் ஆகாம கிளாசுக்குத் திரும்பி வந்தா நீங்க போங்கன்னு சொன்னேன்."

"அப்புறம் ஏன் வரல அவங்க?"

மிதுலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் திரும்பி கிளாசுக்குப் போகவே இல்லையே சார்."

குழந்தைவேலு சட்டைப்பையைத் துழாவினார். பிறகு, வேன் வரும்வரை வெயிலில் உட்காராதே, என் அறையில் போய் உட்கார் என்று சொல்லி அறைச் சாவியைக் கொடுத்தார். போகிற வழியில் தாழ்வாரத்தில் அந்தப் பெட்டி இருந்தது. மேலே கேமராவின் சிவப்பு விளக்கு. பெட்டியைத் தாண்டும்போது கேமராவைப் பார்க்க அவரால் முடியவில்லை.

நஸீமாவின் மேசையில் டீ ஆடை கட்டிக் கிடந்தது. குழந்தைவேலு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

"அவளைப் புடிச்சது யாருங்க மேடம்? அத்தனை வாத்தியார் தேடியும் புடிக்க முடியல அவளை. அவளா வந்து குடுத்தா. பூட்டுப் போட்டு, கேமராவுக்கு நேராப் பெட்டியை வெச்சு, வா வான்னு மைக்ல கூப்பிட்டுப் புடிச்சுக் குடுத்தது நானு! டேங்குக்குள்ள ஒளிச்சவன் கிளாசுல உக்காந்திருக்கான். பேடுக்குள்ள தெச்சவன் அடுத்த வாரம் மேட்ச் ஆடப் போறான். விட்டுடறேன்னு வந்தவ மரத்தடியில உக்காந்திருக்கா!"

நஸீமா கேட்டுக்கொண்டே கைக்குட்டையை மடித்தார்.

"ஏதாச்சும் சொல்லுங்க மேடம்."

"நீங்கதான் சொல்லிட்டு இருக்கீங்க."

குழந்தைவேலு செல்போனை எடுத்தார். யாரும் சொல்லாமலே தாளாளரை அழைத்தார். அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"சொல்லுங்க பி.டி."

"சார், அந்த மிதுலா விசயமுங்க. அந்தப் புள்ளையா வந்து போட்டதுங்க. யாருன்னு கேக்க மாட்டோம்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் குடுத்தேனா?"

"ஸ்கூல் மைக்ல சொன்னேனுங்க. நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க."

"பி.டி., உணர்ச்சிவசப்படாதீங்க. நாளைக்கு இது வெளிய தெரிஞ்சா அட்மிஷன் என்னாகும்? ஒருத்தரை அனுப்பினாத்தான் மத்ததுங்களுக்குப் பாடமா இருக்கும்."

"மத்ததுங்க ஏற்கெனவே பாடம் படிச்சுட்டாங்க சார். அதான் மூணு வாரமா பெட்டி காலி."

"என்ன எகத்தாளமா? சனிக்கிழமை சனிக்கிழமை அங்க போய் இதைத்தான் கத்துக்கறீங்களா?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

அந்தப் பக்கம் தாளாளர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சரி. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ் வராந்தாவுக்கு வாங்க. அவங்கப்பனும் இருப்பான். அங்க எல்லார் முன்னாடியும் இதையே சொல்லுங்க. சொல்லிட்டு அப்படியே உங்க ராஜினாமாவையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

இணைப்பு அறுந்தது.

குழந்தைவேலு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. அதன் பின்னால் பயம் வந்து நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்குங்க மேடம். என் பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம்."

"தெரியும் சார்."

"நான் போடாட்டி வேற ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுவார். நாலு நிமிசத்து வேலை. டி.சி. எப்படியும் கையில வந்துடும்."

"வரலாம்."

"அந்தப் புள்ளைக்கே ஒண்ணும் பண்ண முடியாதுன்னா, நான் போய் அந்த வராந்தாவுல நின்னு என்னங்க ஆகப் போகுது?"

நஸீமா ஆறிய டீயை வாளியில் கொட்டினார். டம்ளரைக் கழுவினார். ஃபிளாஸ்கிலிருந்து புதிதாக ஊற்றி அவர் முன் வைத்தார்.

குழந்தைவேலு அதைத் தொடவில்லை. முதலில் கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை குரலில் சத்தம் இல்லை.

"அந்த நாலு பேருக்கு இனிமே எப்பங்க மேடம் விடணும்னு தோணும்?"

"திங்கட்கிழமை பத்து மணிக்கு அவங்களுக்கு என்ன பீரியடு சார்?"

குழந்தைவேலு யோசித்தார். "பதினொண்ணாவதுக்கா? பி.டி. பீரியடுங்க. கிரவுண்டுல இருப்பாங்க."

"கிரவுண்டுல இருந்து பாத்தா ஆபீஸ் வராந்தா தெரியுமா?"

"நல்லாத் தெரியுமுங்க. நான் அங்க நிக்கறதும் தெரியும்." குழந்தைவேலு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.