சுவர் பூசிய இருவாச்சி

மலைச்சோலையில் ஒரு மரப்பொந்து. அதற்குள் சிங்காரம் என்ற இளம் இருவாச்சிப் பறவை இருந்தான். குஞ்சைக் காக்க, இருவாச்சிகளின் வழக்கப்படி பொந்தின் வாசலை மண் சுவர் அடைத்திருந்தது. அலகு நீட்ட ஒரு சின்ன ஓட்டை மட்டும் உண்டு.

அவனுடைய அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். அம்மா வேறு சோலைக்குப் போய்விட்டாள். அப்பா எதிர்மலையில் இருந்தார். "பிள்ளை சுவரை உடைத்து வெளியே வரும்வரை அப்பன்தான் சாப்பாடு போட வேண்டும்!" என்று பறவைகளின் பஞ்சாயத்து சொல்லிவிட்டது. அவரும் மறுபேச்சில்லாமல் தினமும் பள்ளத்தாக்கைக் கடந்து அத்திப்பழம் கொண்டுவந்தார்.

சிங்காரம் வளர்ந்தான். இறக்கை முட்டிச் சுவர் விரிசல் விட்டது. நம் சிங்காரத் துரை என்ன செய்தார் தெரியுமா? பழச்சக்கையையும் எச்சத்தையும் குழைத்து, உள்ளிருந்தே விரிசலைப் பூசிவிட்டார்!

பக்கத்துக் கிளையிலிருந்த மலையணில் இதைப் பார்த்துவிட்டது.

"அடேய், இவ்வளவு வளர்ந்துட்டியே! வெளியே வாடா!"

"வந்தா பழம் நின்னுடுமே!"

"உங்கப்பா எலும்பும் தோலுமா இருக்கார்டா!"

"என்னை விட்டுட்டுப் போனவர்தானே? நல்லா அலையட்டும்!"

ஒரு நாள் நல்ல மழை. அப்பா தாமதமாக வந்தார். பழத்தை ஓட்டையில் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க அணிலின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பேசியது சிங்காரத்தின் காதில் விழுந்தது.

"தம்பி, என்னால இனிமே ரொம்ப நாள் பறக்க முடியாது. நான் வரலைன்னா அவனுக்கு ரெண்டு பழம் கொடுப்பியா?"

"அவனை வெளியே வரச் சொல்லுங்க! அவனுக்கென்ன குறைச்சல்?"

"அவனைத் திட்டாதேப்பா. பாவம், இறக்கையே வளரல போலிருக்கு. நாங்க சண்டை போட்ட நாள்ல அவனுக்கு நான் சரியா ஊட்டல. எல்லாம் என் தப்புதான்."

சிங்காரம் பழத்தைக் கீழே போட்டான். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. சுவரை ஒரே இடியில் தகர்த்துக்கொண்டு வெளியே வந்தான். அப்பாவைவிடப் பெரியவனாக இருந்தான்!

தலைகுனிந்து நின்றவனின் இறக்கையை அப்பா அலகால் தடவித் தடவிப் பார்த்தார்.

"வளர்ந்திருக்குடா! உனக்கு ஒரு குறையும் இல்லடா!" என்று அழுதார். "எப்போ வளர்ந்துச்சு, கண்ணு?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"எப்பவோ வளர்ந்துடுச்சுப்பா. நான்தான் சுவரைப் பூசிப் பூசி உள்ளேயே இருந்தேன்."

அப்பாவின் முகம் மாறியது.

"வர்ற வழியில எனக்கும் பசிக்கும்டா," என்றார் பிறகு. "ஒரு பழம்கூடத் தின்னதில்ல."

சிங்காரத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தானே உழைக்க முடிந்த பின்னும் பெற்றவரை வருத்தி உண்பவன், ஒரு நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்பான்.