அமல்ராஜின் கிட்டாரைக் கெடுத்தது யார்

ஒரு கிட்டாரின் சத்தம் செத்துப்போனது என்று ஒரு தாய் சொன்னாள். அந்தப் பழியை ஒருவன் சுமந்தான். இவ்வளவுதான் கதை என்றால் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்க மாட்டேன். பொறுமையாகக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

தூத்துக்குடியில் கிளாட்வின் என்று ஒருவன். கல்யாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் மைக்செட் கட்டுபவன். அவனும் அமல்ராஜும் பள்ளிக்கூட நாளிலிருந்தே உயிர்ச் சிநேகிதர்கள். அமல்ராஜ் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தான். ஒருநாள் பைபாஸ் சாலையில் லாரி அடித்துச் செத்துப்போனான். வீட்டில் மிஞ்சியது தாய் செலஸ்டின் அம்மாள், மனைவி ஜெனிட்டா, பிறகு அந்தக் கிட்டார்.

துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பாட்டும் வாத்தியமும் கூடாது என்று செலஸ்டின் அம்மாள் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். கிளாட்வின் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"வாசிக்காம கிடந்தா அதுக்குத் தொண்டை கட்டிக்கிடும்மா. அப்பப்ப எடுத்து வாசிக்கணும்."

"எம்பிள்ளை மண்ணுக்குள்ள கிடக்கான். அது பெட்டிக்குள்ள கிடக்கட்டும்."



வருஷம் திரும்பியது. ஆண்டுப் பூசையில் அதே கிட்டாரை வாசிக்க வேண்டும், கடைசிப் பெஞ்சுவரை கேட்க வேண்டும் என்றாள் அம்மாள். கோயிலோ பெரியது, மைக்கை முன்னால் வைத்தால் ஊளையிடும். கிளாட்வின் கிட்டாருக்குள்ளேயே, சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பைப் பொருத்தினான். தந்திகள் உட்காரும் எலும்புத் துண்டுக்கு அடியில் மெல்லிய பட்டை, விலாவில் பேட்டரிக்கு ஒரு சின்னப் பெட்டி, அடிப்பக்கம் ஒயர் செருக ஓர் ஓட்டை. துருவேறிய தந்திகளைக் கழற்றிவிட்டு அமல்ராஜ் வழக்கமாகப் போடும் தந்திகளையே போட்டான். எல்லாம் சரி, பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. அங்கேதான் அந்த மடையன் கோட்டை விட்டான்.

கிட்டார் வாசிக்கத் தெரிந்த கிளாட்வினே வாசித்தான், பூசை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும், "ஒயர் இல்லாம சும்மா வாசி" என்று அவனிடம் சொன்னாள் அம்மாள். அமல்ராஜ் சாயங்காலங்களில் வாசிக்கும் பாட்டைக் கிளாட்வின் வாசித்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"இது அவன் கிட்டார் இல்ல. அந்தக் கணீர்னு ஒரு சத்தம் வருமே, அது எங்க? கம்பளியைப் போத்திக்கிட்டு வாசிக்கிற மாதிரில்லா இருக்கு." அவள் கை தடவிக்கொண்டே போய் அந்த ஓட்டையில் நின்றது. "எம்பிள்ளை நெஞ்சுலயே ஓட்டை போட்டுட்டியேல!"

வீடு திரும்பியும் கிளாட்வின் அதையே யோசித்தான். பிக்கப் வைத்தால் சத்தம் மாறுமா? மாறும் என்பார்கள் சிலர்; மயிரிழைதான், யாருக்கும் தெரியாது என்பார்கள் சிலர். ஒரு வருஷம் வாசிக்காமல் கிடந்ததில் மரம் இறுகியிருக்குமோ? அப்படியானால் குற்றம் அவளுடையது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொல்ல நாக்கு எழுமா? அவன் காதுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சத்தியம் செய்யத் துணிவில்லை. அந்தச் சந்தேகம் அவனைப் பிடுங்கித் தின்றது.

அம்மாள் அப்போதெல்லாம் எல்லாரையும்தான் குறை சொன்னாள். கோயிலில் மணியை ஒழுங்காக அடிப்பதில்லையாம். மருமகள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாளாம். துக்கம் அவளை இப்படிச் சிடுசிடுக்க வைக்கிறது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

பிக்கப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்று சொல்வதற்காக ஒரு சாயங்காலம் கிளாட்வின் போனான். அம்மாள் அவனைப் பார்த்தும் பாராததுபோல அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளறையில் ஜெனிட்டா போனில் ஒரு பழைய பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அமல்ராஜ் உயிரோடிருந்தபோது, கிட்டாரில் ஓட்டை விழுவதற்கு முன்னால், பெட்டியில் பூட்டப்படுவதற்கும் முன்னால், அவனே வாசித்தது.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ஜெனிட்டா! அந்த ஓட்டைக் கிட்டாரை வாசிக்க வேண்டாம்னு அவன்ட்ட சொல்லு. எம்பிள்ளை சத்தம் அதுல இல்ல!"

ஜெனிட்டா போனில் பாட்டை நிறுத்தினாள். மகன் வாசித்ததையே மகனுடையது இல்லை என்கிறாள் தாய்.

"அண்ணே, அத்தைக்குக் காதுதான் போயிருக்கு. டாக்டர்ட்ட காட்டுவோம்" என்று கிசுகிசுத்தாள்.

"வேண்டாம்மா. கிட்டார் கெட்டுப்போச்சுன்னா கிட்டாரோட போச்சு. காது போச்சுன்னு தெரிஞ்சா, அவன் குரல், அவன் பாட்டு, அத்தனையும் போச்சுன்னு ஆயிரும். இன்னொரு தடவை புதைக்கச் சொல்லுதியா?"

நேரே அடுக்களைக்குப் போனான். அவள் முகத்தைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "நான்தாம்மா கெடுத்தேன். மன்னிச்சிருங்க."

"இனிமே இந்த வாசல மிதிக்காத."

அவள் ஊரெல்லாம் சொன்னாள். பாடகர் குழுவினர் கிளாட்வினைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஜெனிட்டாவும் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள், கெட்டுப்போனதை வைத்து என்ன செய்ய என்று அம்மாள் கிட்டாரைக் கொல்லையில் வெந்நீர் அடுப்புக்கு எடுத்துப் போனாள். ஜெனிட்டா ஓடிப்போய்ப் பிடுங்கினாள்.

"கிட்டாருக்கு ஒண்ணுமில்ல அத்தை! உங்களுக்குத்தான் காது கேக்கல!" என்று அந்தப் பதிவைப் பற்றியும் கத்திச் சொல்லிவிட்டாள்.

அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கேட்டாள்: "கெடுத்தவன்னு ஒருத்தன் இருந்தான். அவனைத் திட்டிக்கிட்டாவது இருந்தேன். இப்ப நான் யாரைத் திட்ட?"

இப்போது சொல்லுங்கள். இல்லாத பழியைத் தலையில் போட்டுக்கொண்டு உண்மையை மறைத்தானே கிளாட்வின், அவனா? மனம் உடையும் என்று தெரிந்தும் போட்டு உடைத்தாளே ஜெனிட்டா, அவளா? இதில் யார் செய்தது சரி?

விடை: ஜெனிட்டா செய்ததுதான் சரி, அதையும் அவள் தாமதமாகச் செய்தாள். கிட்டாருக்காகத் திறந்த வாயை அத்தைக்காக முன்பே திறந்திருக்க வேண்டும். கிளாட்வினின் பொய்யில் அன்பு இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் மகனுடைய சத்தத்தில் கொஞ்சமாவது கேட்டிருக்கக்கூடிய மாதங்களை அந்தப் பொய் தின்றுவிட்டது. கூட்டிப்போய்க் காட்டியபோது, மெல்லிய தந்திகளின் கணீர்ச் சத்தம் இனி கேட்காது, தடித்த தந்திகள் கொஞ்ச காலம் கேட்கும், பிறகு அதுவும் போய்விடும் என்றார் டாக்டர். கிளாட்வின் இப்போது சாயங்காலங்களில் வந்து, அவளை ஒட்டி உட்கார்ந்து, தடித்த தந்திகளில் மட்டும் வாசிக்கிறான். "அவன் வாசிக்கிற மாதிரி இல்ல" என்கிறாள் அவள். "இல்லதாம்மா" என்கிறான் அவன். "பரவால்ல, நிறுத்தாத" என்கிறாள்.