தளவாயின் தாத்தா கொன்ற புலி

முன்னொரு காலத்தில் நெடுமலைச் சமஸ்தானத்தைச் சிங்கமுத்து ராஜா என்று ஒருவர் ஆண்டு வந்தார். காலையில் ஒன்று நினைப்பார், மத்தியானம் வேறொன்று நினைப்பார். இரண்டும் உடனே நடந்தாக வேண்டும். அவருடைய அவையில் கவிபாடி, சமஸ்தானத்தின் சரித்திரத்தையும் எழுதி வந்தவர் அமிர்தலிங்கப் புலவர். ராஜா அவரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வது படைத்தலைவரான தளவாய் வீரபாகுவுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் தளவாய், "மகாராஜா, என் தாத்தா வெறுங்கையால் புலியைக் கொன்றவர். புலவர் வேண்டுமென்றே அதைச் சரித்திரத்தில் எழுதாமல் விட்டிருக்கிறார்" என்று கோள் மூட்டினார்.

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓய் புலவரே! விஜயதசமிக்குள் அதை எழுதி அவையில் வாசியும். இல்லையென்றால் உம் பதவியும் போகும், மானிய நிலமும் போகும்!"

அது வெறும் புளுகு என்று புலவருக்குத் தெரியும். நிலம் போனால் போகட்டும்; அப்பனும் பாட்டனும் எழுதி வந்த சரித்திரத்தில் பொய் ஏறலாமா? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நேரே தளவாய் வீட்டுக்குப் போனார்.

"தாத்தா கையில் ஒரு குச்சியாவது இருந்ததா, தளவாய் அவர்களே?"

"குச்சியா? சேச்சே! எங்கள் வம்சத்துக்கே அவமானம்."

"கூட ஆள்?"

"தனியாகத்தான் புதருக்குள் இறங்கினார். காலில் செருப்புகூட இல்லை, எழுதிக்கொள்ளும்!"

விஜயதசமியன்று புலவர் ஒன்று விடாமல் கம்பீரமாக வாசித்தார். அவையே ஆரவாரம் செய்தது. தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"மகாராஜா, நம் வழக்கப்படி நாளைய வேட்டையில் முதல் மரியாதை தளவாய்க்குத்தானே?" என்றார் புலவர்.

"அது என்ன மரியாதை?" என்று கேட்டார் தளவாய். வேட்டை என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிற ஆளுக்கு அது எங்கே தெரியும்?

ராஜாவே குஷியாகச் சொன்னார்: "சரித்திரத்தில் புதிதாக ஏறிய வீரர் செய்ததை அவர் பேரன் வேட்டையில் அப்படியே செய்துகாட்ட வேண்டும். அப்புறம்தான் முத்திரை வைப்பேன். மலையடிவாரத்தில் நல்ல புலியாக ஒன்று வந்திருக்கிறதாம். செருப்பைக் கழற்றிவிட்டு வாரும்!"

தளவாய் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். "மன்னிக்க வேண்டும் மகாராஜா! என் தாத்தா புலியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. புலவர் மேலிருந்த பொறாமையில் உளறிவிட்டேன்!"

அவையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ராஜா தம் பட்டுச் சால்வையை எடுத்துப் புலவருக்குப் போர்த்தினார். "இனிமேல் சரித்திரத்தில் என்ன எழுதுவது என்று நான்கூடச் சொல்லமாட்டேன். சரி, இந்தப் புலிக் கதையை எப்படித் திருத்தப் போகிறீர்?"

"தாத்தாவும் புலியைக் கொல்லவில்லை, பேரனும் கொல்லவில்லை. தளவாய் குடும்ப வழக்கத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று எழுதிவிடுகிறேன், மகாராஜா!"