காக்கா தொடாத சோறு

“காக்கா சோத்தைத் தொடமாட்டேங்குது, தாயே.”

சித்தாயி ஆற்றங்கரை மண்டபத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் துறந்தவள்தான், வாயை மட்டும் துறக்கவில்லை.

எதிரில் நின்ற நல்லுடையான் அவளிடம் உபதேசம் வாங்கியவன். அரண்மனையில் விருந்துக்கும் கருமாதிக்கும் அவன்தான் அதிகாரி. உட்காரச் சொன்னாலும் உட்காராமல் இங்கும் அங்கும் நடந்தான்.

“யாருக்கு வெச்ச சோறு?”

“மாணிக்கவேலருக்கு. இன்னிக்குக் கருமாதி.”

அந்த நாட்டில் ராஜாவை எதிர்த்துப் பேசினவர்கள் யாருக்கும் ஆயுசு கெட்டி இல்லை. என்ன ராசியோ! ஒருவர் குளிக்கப் போய் வழுக்கி விழுந்தார். இன்னொருவர் மாடியிலிருந்து விழுந்தார். மாணிக்கவேலர் அரண்மனை விருந்தில் சாப்பிட்டார். வெற்றிலை போடுவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

ஒவ்வொரு சாவுக்கும் ராஜாவே வந்து அழுவார். பாடைக்குத் தோள் கொடுப்பார். கருமாதியையும் தன் செலவில் நடத்துவார். இலைச் சோற்றைக் காக்கா கொத்திவிட்டால், செத்தவருக்கு மனக்குறை இல்லை என்று ஜனங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்தத் தடவை ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை.

“காக்கா வராட்டா செத்தவருக்கு வாக்குக் கொடுக்கணுமே. கொடுத்தியா?”

“கொடுத்தேன் தாயே. உங்க பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிறோம்னேன். பையனுக்கு உத்தியோகம்னேன். ஊர் நடுவுல சிலை வெக்கிறோம்னேன். மரம் பூரா காக்கா. ஒண்ணுகூட இறங்கலை.”

“ராஜா என்ன சொன்னான்?”

நல்லுடையான் மண்டபத்தின் ஓரம்வரை போய்த் திரும்பினான்.

“நாளைக் காலையிலயும் காக்கா சாப்பிடலைன்னா, மத்தியானம் நீ என்னோட சாப்பிட வான்னார்.”

சித்தாயி ஒரு கடலையை வாயில் போட்டு மென்றாள்.

“மாணிக்கவேலர் சாப்பிட்ட விருந்துல நீ எங்கே நின்னே?”

“பந்தி விசாரிச்சுக்கிட்டு, அவர் பக்கத்துலதான்.”

“என்ன பார்த்தே?”

நடந்தவன் நின்றான்.

“ஒண்ணும் பார்க்கலை.”

அவள் குவியலில் பொறுக்கி ஒரு பிடி கடலையை அவன் கையில் வைத்தாள். “பசியா இருப்பே, சாப்பிடு.”

அவன் ஒன்றை உடைத்தான். உள்ளே பருப்பு இல்லை. இன்னொன்றை உடைத்தான். அதிலும் இல்லை.

“எல்லாம் பொக்கா இருக்கே, தாயே.”

“காக்காவும் அதைத்தான் சொல்லுது.”

அவன் கையிலிருந்த தோலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“சொன்னா என்னைக் கொன்னுடுவார்.”

“சொல்லாட்டா?”

“விருந்து இருக்கு.”

“அப்ப போய்த் தூங்கு” என்றாள் சித்தாயி.

அவன் தூங்கவில்லை.

விடிந்ததும் ஆற்றங்கரையில் மறுபடியும் இலை போட்டார்கள். ராஜா வெள்ளை உடுத்தி வந்திருந்தார். கூட்டம் முந்தின நாளைவிட அதிகம். மாணிக்கவேலரின் மனைவி ஈரப் புடவையோடு தலையைக் குனிந்து நின்றாள்.

நல்லுடையான் இலைக்கு முன்னால் மண்டியிட்டான். யாருக்கும் கேட்காமல் ஏதோ முணுமுணுத்தான்.

அவன் எழுந்திருப்பதற்குள் ஒரு காக்கா இறங்கியது. பின்னாலேயே மற்றவையெல்லாம் இறங்கி இலையை மொய்த்தன.

ராஜாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வந்து அவன் தோளில் கை போட்டார்.

“அப்படி என்னப்பா வாக்குக் கொடுத்தே? ஜனங்களும் கேக்கட்டும், உரக்கச் சொல்லு.”

நல்லுடையான் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். மாணிக்கவேலரின் மனைவி அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

“பந்தியில எல்லாருக்கும் அண்டாவிலேர்ந்து பாயசம் ஊத்தினாங்க. மாணிக்கவேலருக்கு மட்டும் உள்ளேயிருந்து தனிக் கிண்ணத்துல வந்துது. முதல்ல யார் கேட்டாலும் இதைச் சொல்லிடறேன்னு வாக்குக் கொடுத்தேன், மகாராஜா.”

ராஜாவின் கை இன்னும் அவன் தோளில்தான் இருந்தது.

“நீங்க கேட்டுட்டீங்க.”